சீனத் தாய்மார்களிடம் திருப்பூர்க் குழந்தை ஆடையைச் சொந்தப் பெயரில் கொண்டு செல்ல முடியுமா?

கேள்வி: நொய்யல்கரை (திருப்பூர்)

அனைவருக்கும் வணக்கம். பெருமாநல்லூருக்கு அருகில் என் தந்தையார் தொடங்கிய பின்னலாடை யூனிட்டை இப்போது நானும் என் மனைவியும் நடத்தி வருகிறோம். பிறந்த குழந்தை முதல் 3 வயது வரையிலான பருத்தி ஆடைகளை மட்டுமே தைக்கிறோம். 20 ஆண்டுகளுக்கும் மேலாக ஐரோப்பிய, அமெரிக்க பையர்களின் லேபிளோடுதான் எங்கள் சரக்கு கப்பலேறியது. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள் மீதான வரியை அமெரிக்கா 50 சதவீதமாக உயர்த்தியபோது, தைத்து, செக்கிங் முடித்து, பெட்டிகளில் அடுக்கி வைத்த சரக்கு அப்படியே நின்றுவிட்டது. அந்தப் பெட்டிகளுக்கு நடுவில் நாற்காலியைப் போட்டு என் தந்தையார் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்த காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. இத்தனை ஆண்டுகள் தைத்தும், எங்கள் பெயரைச் சொல்லிக் கேட்கும் ஒரு தாய்கூட உலகில் எங்கும் இல்லை என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

அதன்பின் 'மழலை' என்ற சொல்லில் தொடங்கும் ஒரு பெயரை வைத்து, இந்தியாவுக்குள் சிறிய அளவில் சொந்தமாக விற்கத் தொடங்கினோம், வரவேற்பு மோசமில்லை. பட்டன், ஜிப் வாங்குவதற்காக அடிக்கடி சீனா சென்றுவரும் நண்பர் ஒருவர், அங்குள்ள தாய்மார்கள் குழந்தைப் பொருள் என்றால் வெளிநாட்டுப் பெயரைத்தான் தேடுகிறார்கள் என்றும், நாமும் முயன்று பார்க்கலாம் என்றும் சொல்கிறார். எனக்கு ஆசை இருக்கிறது, அச்சமும் இருக்கிறது. உள்ளூர்ச் சீன ஆடைகளைவிடச் சற்று விலை குறைத்துக் கொடுத்தால் எடுபடுமா? இன்ஸ்டாகிராம், பேஸ்புக் வழியாக விளம்பரம் செய்யலாமா? இந்தியாவில் தயாரானது என்பதை முன்னே சொல்வதா, அடக்கி வாசிப்பதா? சீனச் சந்தையில் நேரடி அனுபவம் உள்ளவர்கள் வழி சொன்னால் நன்றியோடு ஏற்றுக்கொள்வேன்.

மறுமொழி: வடவள்ளி (கோயம்புத்தூர்)

ஓர் ஐரோப்பிய நிறுவனத்தின் ஷாங்காய் அலுவலகத்தில் 9 ஆண்டுகள் விற்பனைப் பிரிவில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். விலை, விளம்பரம் என்று நீங்கள் தொடங்கியிருக்கிறீர்கள். இவை இரண்டுக்கும் முன்பு, ஒரு சாம்பிளைக்கூட அங்கே அனுப்புவதற்கு முன்பு, செய்து முடிக்க வேண்டிய வேலை உங்கள் பெயரை அங்கே உங்கள் பெயரிலேயே பதிவு செய்வது.

இந்தியாவில் ஒரு வணிகச் சின்னத்தை முன்பிருந்தே பயன்படுத்தி வருபவருக்குச் சட்டத்தில் நல்ல பாதுகாப்பு உண்டு. சீனாவில் முதலில் விண்ணப்பித்தவரே பெரும்பாலும் உரிமையாளர் ஆகிவிடுகிறார். உலகமே அறிந்த கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டானின் பெயரைச் சீன எழுத்துகளில் ஓர் உள்ளூர் விளையாட்டுப் பொருள் நிறுவனம் பதிவு செய்துகொண்டு பல ஆண்டுகள் வணிகம் செய்தது. அவர் 2012 முதல் வழக்காடி, 2016 டிசம்பரில்தான் உச்ச மக்கள் நீதிமன்றத்தில் சீன எழுத்தில் அமைந்த பெயரை மீட்டார். அதே பெயரின் ரோமன் எழுத்து வடிவம் அந்தத் தீர்ப்பிலும் அவருக்குக் கிடைக்கவில்லை. நியூ பேலன்ஸ் காலணி நிறுவனத்தின் கதை இன்னும் கசப்பானது. அது தன் சீனப் பெயராக 'சின் பாய் லுன்' என்பதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தபோது, அந்தப் பெயர் ஏற்கெனவே தன்னுடையது என்று உள்ளூர் வணிகர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். 2015இல் குவாங்சோ நீதிமன்றம் 9.8 கோடி யுவான் இழப்பீடு தருமாறு அந்நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. மேல்முறையீட்டில் தொகை 50 லட்சம் யுவானாகக் குறைந்தாலும், பெயரைக் கைவிட வேண்டியதாயிற்று. அவர்களிடம் வழக்கறிஞர் படையே இருந்தது. நம்மிடம் ஓர் ஆடிட்டர் இருக்கிறார், அவ்வளவுதான்.

பதிவுக் கட்டணம் அஞ்சும்படி இல்லை. பதிவில் பொருள்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்திருப்பார்கள். இணையவழியில் ஒரு வகுப்புக்கு, 10 பொருள்கள் வரை, அரசுக் கட்டணம் 270 யுவான். அங்கே அலுவலகம் இல்லாத வெளிநாட்டவர் சீன முகவர் ஒருவர் மூலமே விண்ணப்பிக்க வேண்டும் என்பதால் அவருடைய கட்டணம் தனி. ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளில் சின்னத்தைப் பதிய உதவும் மாட்ரிட் முறையில் இந்தியா 2013 முதல் இருப்பதால், இங்கிருந்தே சீனாவைக் குறிப்பிட்டு விண்ணப்பிக்கும் வழியும் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு வகுப்பையும் சீனர்கள் பல உட்பிரிவுகளாகப் பிரித்து வைத்திருப்பதால், அந்த உட்பிரிவுகளைத் தெரிந்த முகவரை வைத்து நேரடியாக விண்ணப்பிப்பதையே நான் பரிந்துரைப்பேன். ஆடைக்கு 25ஆம் வகுப்பு, போர்வை, துண்டு ஆகியவற்றுக்கு 24ஆம் வகுப்பு. ரோமன் எழுத்து வடிவம், சீன எழுத்து வடிவம், சின்னத்தின் படம் ஆகிய மூன்றையும் தனித்தனியே பதியுங்கள். பதிந்த பிறகு தொடர்ந்து 3 ஆண்டுகள் பயன்படுத்தாமல் விட்டால், யார் வேண்டுமானாலும் அதை நீக்கக் கோரலாம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சீன எழுத்தில் தனிப் பெயர் எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். நாம் வைக்காவிட்டால் வாங்குபவர்களே ஒரு பெயரை வைத்துவிடுவார்கள், அது நமக்குப் பிடித்ததாக இருக்காது. சீனத்தில் ஒவ்வோர் எழுத்தும் ஓர் ஒலி, கூடவே ஒரு பொருள். வெறும் ஒலிக்காக எழுதினாலும் பொருள் பின்னாலேயே வந்துவிடும். கோகா-கோலாவின் சீனப் பெயரான 'கெ கௌ கெ லெ' ஒலியிலும் நெருங்கி நின்று, வாய்க்கு ருசி, மனத்துக்கு மகிழ்ச்சி என்ற பொருளையும் தருகிறது. பிஎம்டபிள்யூ காருக்கு 'பாவ் மா' என்று பெயர். மதிப்புமிக்க குதிரை என்று பொருள். வேகமாக ஓடும் ஒரு வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான பெயரைச் சூட்ட முடியுமா?

இனி உங்கள் 'மழலை'க்கு வருகிறேன். இதை எழுதுவதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. ஐரோப்பியர் வாயில் நுழையாத நம் ழகரத்துக்கு மிக நெருங்கிய ஒலி சீனப் பொதுமொழியில் இருக்கிறது. மனிதர் என்று பொருள்படும் சொல்லைப் பெய்ஜிங்காரர் 'ழென்' என்றுதான் ஏறக்குறைய ஒலிப்பார். நாம் ரென்மின்பி என்று எழுதும் அவர்களுடைய நாணயத்தின் முதலெழுத்தும் அதே ஒலிதான். ஆனாலும் 'ழ' என்ற அந்த அசை தனியாக அம்மொழியில் இல்லை. 'ழன்', 'ழு' போன்றவையே உண்டு. சிரமம் என்று நடு எழுத்தை விட்டுவிட்டு 'மா லாய்' என்று எழுதினால், படிப்பவர் மலாய் நாட்டுச் சரக்கு என்று எடுத்துக்கொள்வார். மேலும் 'மா' என்ற ஓரசையே ஒலிக்கும் தொனியைப் பொறுத்துத் தாய், சணல், குதிரை, திட்டுதல் என்று நான்கு பொருள் தரும். முதல் தொனியில் அமைந்த தாய் உங்களுக்குக் கிடைத்தால் அது பெரும் பேறு. ஒலியை அப்படியே கொண்டு செல்ல முயல்வதைவிட, முதல் அசையைத் தாயாக வைத்துக்கொண்டு, எஞ்சியதில் மழலையின் பொருள் தொனிக்கும் எழுத்துகளைத் தேடுமாறு முகவரிடம் சொல்லுங்கள். கிடைக்கும் பெயரை வடக்கிலிருந்து ஒருவர், ஷாங்காய்ப் பக்கத்திலிருந்து ஒருவர், குவாங்தோங்கிலிருந்து ஒருவர் என மூன்று தாய்மார்களிடம் வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே விண்ணப்பியுங்கள்.

விலையைக் குறைப்பது பற்றி ஒரு சொல். செஜியாங் மாகாணத்தில், ஹூசோவுக்கு அருகே ஜிலி என்ற ஊர் இருக்கிறது. குழந்தை ஆடைக்கென்றே வாழும் ஊர். பனியனுக்குத் திருப்பூர் எப்படியோ, சீனக் குழந்தை ஆடைக்கு அது அப்படி. அங்கே துணி, தையல், அனுப்புதல் எல்லாம் ஒரு தெருவுக்குள் முடிந்துவிடும். அந்த ஊரோடு விலையில் மோதி வென்ற வெளியூர்க்காரரை நான் பார்த்ததில்லை.

இன்ஸ்டாகிராமும் பேஸ்புக்கும் சீனாவில் முடக்கப்பட்டவை. அந்த வழியை மறந்துவிடலாம். இந்தியாவில் தயாரானது என்பதை மறைக்க வேண்டாம், சட்டப்படி மறைக்கவும் முடியாது. மறைத்தது தெரிய வந்தால், அதற்குப் பின் நீங்கள் சொல்லும் எதையும் அந்தத் தாய் நம்பமாட்டார்.

மறுமொழி: கரூர்த் தறி (கரூர்)

தம்பி, உங்கள் தந்தையார் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்ததைப் படித்தபோது எனக்கு என் 2018ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தது. நான் படுக்கை விரிப்பு, மேசை விரிப்பு தயாரிப்பவன். குவாங்சோ கண்காட்சியில் சந்தித்த ஓர் இடைத்தரகரை நம்பி, என் பெயரிலேயே சீனாவில் விற்கலாம் என்று இறங்கினேன். முதல் கண்டெய்னர் நன்றாகவே போயிற்று. இரண்டாவது கண்டெய்னர் கடலில் இருக்கும்போதுதான், அந்தப் பெயரை 24ஆம் வகுப்பில் அவரே தம் மைத்துனர் பெயரில் பதிந்து வைத்திருப்பது தெரியவந்தது. என் பெயரில் என் சரக்கை விற்க நான் அவருக்குப் பணம் கட்ட வேண்டும் என்றார்கள். லேபிளைப் பிரித்தெடுக்கக் கூலி கொடுத்து, தேங்கிய சரக்கை மொத்தமாகத் தள்ளும் ஸ்டாக்லாட் விலைக்குத் தள்ளிவிட்டுத் திரும்பினேன். வடவள்ளி நண்பர் மேலே எழுதியிருப்பதை அன்று யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் என் வீட்டுப் பத்திரம் வங்கியில் இருந்திருக்காது.

இதில் நான் மட்டும் ஏமாளி இல்லை என்பதைப் பின்னால் தெரிந்துகொண்டேன். ஜப்பானின் மூஜி நிறுவனம் தன் பெயரைச் சீனாவில் பல வகுப்புகளில் முன்பே பதிந்திருந்தது. விட்டுப்போனது இந்த 24ஆம் வகுப்பு. 2000ஆம் ஆண்டில் ஹைனானைச் சேர்ந்த ஒரு நிறுவனம் அந்த வகுப்பில் மூஜியின் நான்கு சீன எழுத்துப் பெயருக்கே விண்ணப்பித்து, பதிவும் பெற்றது. பிறகு அந்த உரிமை பெய்ஜிங்கில் உள்ள ஒரு ஜவுளி நிறுவனத்துக்குக் கைமாறியது. கடைசியில் 2019இல், துண்டு, விரிப்பு ஆகியவற்றில் தன் சொந்தப் பெயரைப் போட்டு விற்றதற்காக மூஜியே இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. ஆகவே ஆடைதானே தைக்கிறோம், போர்வை எதற்கு என்று 24ஐ விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்றும் நான் பட்டுத் தெரிந்துகொண்டது. 4 என்ற எண் சீனர்களுக்கு ஆகாது, சாவு என்ற சொல்லைப் போல ஒலிக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். அது உண்மைதான். அதைக் கேட்டுக்கொண்டு என் 4 உருப்படி படுக்கைத் தொகுப்பை 5 ஆக்கி, விலையையும் ஏற்றினேன். அங்கே போய்ப் பார்த்தால், ஊரெல்லாம் விற்பனையாவதே விரிப்பு ஒன்று, ரஜாய் உறை ஒன்று, தலையணை உறை இரண்டு என்ற 4 உருப்படித் தொகுப்புதான். அதற்குப் பெயரே 'நான்கு உருப்படித் தொகுப்பு'. நான் சேர்த்த ஐந்தாவது உருப்படியை என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. பண்பாட்டைப் பற்றிப் பிறர் சொல்லக் கேட்பதைவிட, ஒரு கடைக்குள் போய் இரண்டு மணி நேரம் நின்று பார்ப்பது மேல்.

உங்கள் நண்பர் சொல்லாமல் விட்ட ஒரு கணக்கு இருக்கிறது. சீனாவில் 2016இல் ஏறக்குறைய 1.8 கோடிக் குழந்தைகள் பிறந்தன. 2023இல் பிறந்தவை 90 லட்சம். ஏழே ஆண்டுகளில் பாதி. குழந்தை பெற நல்லது என்று சீனர்கள் கருதும் டிராகன் ஆண்டான 2024இல் சற்றுக் கூடி 95 லட்சம் ஆயிற்று, அவ்வளவே. தைக்கிறவர் கூடிக்கொண்டும் உடுத்துகிறவர் குறைந்துகொண்டும் இருக்கும் சந்தை அது. போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கண்டெய்னர் கணக்கில் போகாதீர்கள், சில நூறு உருப்படிகளோடு போங்கள் என்கிறேன்.

நொய்யல்கரை

அண்ணா, உங்கள் அனுபவத்தை இவ்வளவு திறந்து எழுதியதற்கு நன்றி. நேற்றிரவே என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். பிறப்பு எண்ணிக்கை இப்படிக் குறைந்திருப்பது எனக்குத் தெரியாது. அப்படியானால் ஒவ்வொரு குழந்தைக்கும் பெற்றோர் கூடுதலாகச் செலவு செய்வார்கள் என்று எடுத்துக்கொள்ளலாமா? எங்கள் ஆடையில் அந்தத் தாய் எதைப் பார்த்து இது நல்லது என்று முடிவு செய்வார்? சான்றிதழ் என்றால், துணியில் தீங்கான ரசாயனம் இல்லை என்பதற்காக ஐரோப்பியருக்கென எடுத்த ஓகோ-டெக்ஸ் எங்களிடம் இருக்கிறது. அது போதுமா?

மறுமொழி: கோபிப் பெண் (ஷென்ஜென்)

அண்ணா, நான் கோபிசெட்டிபாளையத்துப் பெண். கணவரின் வேலைக்காக ஷென்ஜென் வந்து 6 ஆண்டுகள் ஆகின்றன. இரண்டாவது குழந்தை இங்கேதான் பிறந்தான். வியாபாரம் எனக்குத் தெரியாது. வாங்குகிறவள் என்ற இடத்திலிருந்து சொல்கிறேன்.

பேறு முடிந்து ஒரு மாதம் வெளியே போகாமல், குளிர் படாமல், பத்தியச் சாப்பாட்டோடு இருப்பதை இவர்கள் 'மாதம் உட்காருதல்' என்கிறார்கள். நம் வீட்டுப் பாட்டிமார் சொல்வதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. அந்த மாதத்தில் குழந்தைக்கு உடுத்துவது முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்று மடித்து நாடாவால் கட்டும் சட்டை. பிக்குகளின் அங்கியைப் போல இருப்பதால் 'பிக்கு ஆடை' என்று பெயர். முதன்முதலில் அதைக் கடையில் பார்த்தபோது, என் அம்மா பழைய வேட்டியில் தைத்து அனுப்பிய கட்டுச் சட்டையை யாரோ இங்கே விற்கிறார்கள் என்றே நினைத்தேன். தலை வழியாக மாட்டும் ஆடையைவிட இதையே பிறந்த குழந்தைக்கு விரும்புகிறார்கள். உங்கள் யூனிட்டில் இதைத் தைக்கத் தனியாகப் பழக வேண்டியதே இல்லை.

சற்று வளர்ந்த குழந்தைக்குக் கால்சட்டை வாங்கும்போது, இடுப்புப் பட்டை வயிற்றை முழுதும் மூடும் அளவுக்கு உயரமாக இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். வயிற்றில் குளிர் பட்டால் குழந்தைக்கு நோய் வரும் என்ற எண்ணம் இங்கே மிக ஆழமானது. வாங்கும் பணம் தாயுடையதாக இருந்தாலும், குழந்தையைப் பகலெல்லாம் வைத்திருக்கும் பாட்டியின் கண்ணுக்கு அந்தப் பட்டை சிறியதாகத் தெரிந்தால் ஆடை அலமாரியிலேயே கிடக்கும். ஐரோப்பிய அளவில் தைத்த உங்கள் கால்சட்டைகளை அப்படியே அனுப்பினால் இந்த இடத்தில்தான் அடிபடும். தையல் மடிப்பு தோலில் உறுத்தாமல் தட்டையாக இருக்க வேண்டும் என்பதும் அப்படியே. அதை 'எலும்பில்லாத் தையல்' என்று விளம்பரத்திலேயே எழுதுகிறார்கள். அளவைப் பொறுத்தவரை 0-3 மாதம், 3-6 மாதம் என்று எழுதினால் யாருக்கும் புரியாது. குழந்தையின் உயரம் எத்தனை சென்டிமீட்டர் என்பதே இங்கே அளவு: 52, 59, 66, 73, 80, 90 என்று போகும்.

சான்றிதழைப் பற்றிக் கேட்டீர்கள். ஓகோ-டெக்ஸ் கூடுதல் மதிப்புத்தான், ஆனாலும் ஒவ்வொரு தாயும் தேடுவது 'ஏ வகை' என்ற இரண்டே சொற்களை. 3 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான துணி, நாட்டின் கட்டாயத் தரப்படி ஏ வகையாக இருக்க வேண்டும். அதில் ஃபார்மால்டிஹைடு என்ற ரசாயனம் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. தோலில் படும் மற்ற துணிகளான பி வகைக்கு அந்த வரம்பு 75. எழுத்துப் படிக்கத் தெரியாமல் நான் முதலில் பி வகை ஒன்றை வாங்கி வந்தபோது, பக்கத்து வீட்டு அம்மா கையிலிருந்து வாங்கித் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். உள்ளாடையின் லேபிள்கூடக் குழந்தையின் தோலில் படாதபடி வெளிப்பக்கம் தைத்திருப்பார்கள்; அது விதியும்கூட. பொட்டலத்தைப் பிரித்தவுடன் முகர்ந்து பார்ப்பது எங்கள் கட்டடத்தில் எல்லாரிடமும் உள்ள பழக்கம். சாயத்தின் வாடையோ பிளாஸ்டிக் வாடையோ இருந்தால் அன்றே திருப்பி அனுப்பிவிடுவார்கள். இணையத்தில் வாங்கிய பெரும்பாலான பொருள்களை 7 நாள்களுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பித் தரும் உரிமை 2014 முதல் சட்டத்திலேயே இருக்கிறது.

நான் எதையும் விளம்பரம் பார்த்து வாங்கியதில்லை. சியாவ்ஹோங்ஷு என்ற செயலியில் தாய்மார்கள் தாங்கள் வாங்கியதைப் படம் எடுத்து, பத்து முறை துவைத்த பிறகு எப்படி இருக்கிறது என்றுகூட எழுதுவார்கள். அதைப் படித்து ஆசை முளைப்பதை 'புல் நடுதல்' என்று சொல்வது இங்கே வழக்கு. பெரிய பெயர் பெற்றவர்கள் பணம் வாங்கிக்கொண்டு எழுதுவதை எல்லாரும் கண்டுபிடித்துவிடுகிறோம். நானூறு ஐந்நூறு பேர் மட்டுமே தொடரும் ஒரு தாய் எழுதினால் நம்புகிறோம். உங்கள் முதல் நூறு சட்டைகளை அப்படிப்பட்ட தாய்மார்களுக்குக் கொடுத்துவிட்டு, நல்லதோ கெட்டதோ எழுதுங்கள் என்று விட்டுவிட்டால் அதைவிடப் பெரிய விளம்பரம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

குழந்தைக்கு ஒரு மாதம் நிறையும் நாளும், நூறாவது நாளும் இங்கே பெரிய விசேஷங்கள். அவற்றுக்குப் பரிசாகக் கொடுக்க ஆடை, தொப்பி, போர்வை சேர்ந்த பெட்டிகளைத் தேடித் திரிவார்கள். பெட்டியில் சிவப்பு இருக்கட்டும். முழுக்க வெள்ளையில் கட்டி அனுப்பாதீர்கள், அது துக்கத்தின் நிறம்.

மறுமொழி: வடவள்ளி

கோபிச் சகோதரி எழுதியதை வெட்டி உங்கள் சாம்பிள் அறையில் ஒட்டி வையுங்கள். இதைத் தெரிந்துகொள்ள எங்கள் அலுவலகம் ஆய்வு நிறுவனங்களுக்குப் பெரும் தொகை கொடுத்தது.

நம்பிக்கை ஏன் அங்கே இவ்வளவு பெரிய சொல் என்பதற்குப் பின்னணி உண்டு. 2008இல் மெலமைன் என்ற ரசாயனம் கலந்த பால்மாவால் 6 குழந்தைகள் இறந்தன. ஏறக்குறைய 3 லட்சம் குழந்தைகள் நோயுற்றன. வெளிநாட்டுக் குழந்தைப் பொருள்கள் மீதான நாட்டம் அந்த அச்சத்தால் வலுவடைந்தது. உங்கள் நண்பர் சொல்வது அந்தக் காலத்து உண்மை. இன்று பருத்தி ஆடையில் பாலபாலா, பியூர் காட்டன் போன்ற உள்ளூர்ப் பெயர்களே தாய்மார்களின் மதிப்பைப் பெற்றுவிட்டன. வெளிநாட்டுப் பெயர் என்பதற்காக மட்டும் யாரும் இப்போது கூடுதல் விலை கொடுப்பதில்லை. நீங்கள் கேட்டபடி ஒரு குழந்தைக்கு ஆகும் செலவு கூடியிருக்கிறது என்பதை நானும் கண்ணால் பார்த்தேன். அந்தக் கூடுதல் பணம் தரத்தைத் தேடுகிறது, நாட்டின் பெயரைத் தேடுவதில்லை.

2003 வாக்கில் சீன இணைய வணிகத்தில் முன்னணியில் இருந்த ஈபே, 2006இல் தன் தளத்தை உள்ளூர்க் கூட்டாளியிடம் விட்டுவிட்டு ஒதுங்கியது. போட்டியாக வந்த தாவ்பாவ் கட்டணம் வாங்கவில்லை என்பது ஒரு காரணம். பொருள் கைக்கு வந்து, சரியாக இருக்கிறது என்று வாங்கியவர் சொல்லும்வரை பணத்தைத் தன்னிடம் நிறுத்தி வைத்த அலிபேயும், விற்பவரோடு வாங்குபவர் அரட்டையில் நேரடியாகப் பேச முடிந்ததும் அதற்கு நிகரான காரணங்கள். திருப்பூரில் சீனத் தையல் இயந்திரங்களை நாம் எப்போது நம்பத் தொடங்கினோம் என்று எண்ணிப் பாருங்கள். விலை குறைவு என்பதால் முதலில் சந்தேகப்பட்டோம். அழைத்தால் மாலைக்குள் மெக்கானிக் வருகிறார், பாகம் பக்கத்துத் தெருவிலேயே கிடைக்கிறது என்ற நிலை வந்த பிறகே வரிசை வரிசையாக வாங்கினோம். அங்கே அந்த மெக்கானிக்கின் இடத்தில் இருப்பவர், இரவு 11 மணிக்கு ஒரு தாய் அளவு கேட்டால் ஐந்து நிமிடத்தில் சீனத்தில் பதில் சொல்லும் ஒருவர். அவருக்குச் சம்பளம் ஒதுக்க முடியாவிட்டால் இந்த முயற்சியைத் தள்ளிப்போடுங்கள். 2020 ஜூனில் இந்தியா தடை செய்த செயலிகளில், சீனர்கள் பேசிக்கொள்ளப் பயன்படுத்தும் வீசாட்டும் ஒன்று என்பதால், இந்த வேலையைத் திருப்பூரில் உட்கார்ந்து செய்யவும் வழியில்லை.

விற்கும் வழியைப் பொறுத்தவரை, எல்லை தாண்டிய இணைய வணிகம் என்ற தனி ஏற்பாடு உங்களுக்குப் பொருந்தும். சுங்கக் கட்டுப்பாட்டில் உள்ள கிடங்கில் சரக்கை வைத்துவிட்டு, ஆர்டர் வந்த பிறகு ஒவ்வொன்றாக வெளியே அனுப்பும் முறை அது. ஒரு ஆர்டர் 5,000 யுவானுக்குள்ளும், ஒருவர் ஆண்டில் வாங்குவது மொத்தம் 26,000 யுவானுக்குள்ளும் இருந்தால் இறக்குமதித் தீர்வை இல்லை. மதிப்புக் கூட்டு வரியிலும் 70 சதவீதம்தான் வாங்குகிறார்கள். உங்கள் ஆடைக்கு அது 13இல் 70 சதவீதம், அதாவது 9.1 சதவீதம் வரும். டீமால் குளோபல் போன்ற பெரிய தளங்களில் தனிக் கடை திறக்க டெபாசிட், ஆண்டுக் கட்டணம், கமிஷன் மூன்றும் உண்டு. முதல் ஆண்டில் அது வேண்டாம். ஏற்கெனவே கடை வைத்திருக்கும் குழந்தைப் பொருள் விற்பனையாளர் ஒருவரிடம் கொடுங்கள். பெயர் மட்டும் உங்களுடையதாகப் பதிவாகியிருக்கட்டும். நேரலையில் விற்பவர்கள் இடத்துக்கு ஒரு கட்டணம், விற்பனையில் ஒரு பங்கு என்று கேட்பார்கள், அதோடு விலையையும் அடிமட்டத்துக்கு இறக்கச் சொல்வார்கள். புதிதாக வரும் பெயருக்கு அது உதவாது.

விளம்பர வாசகம் எழுதும்போது 'மிகச் சிறந்தது', 'முதல்தரம்', 'உலகிலேயே' என்ற நம் பழக்கத்தைக் கைவிடுங்கள். 2015இல் திருத்தப்பட்ட விளம்பரச் சட்டம் அத்தகைய உச்சச் சொற்களைத் தடை செய்து, 2 லட்சம் யுவான் முதல் 10 லட்சம் யுவான் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. இதைத் தேடிப்பிடித்துப் புகார் செய்வதையே தொழிலாகக் கொண்டவர்களும் அங்கே இருக்கிறார்கள். பெட்டியில் எந்த நாட்டு வரைபடமும் வேண்டாம். 2018இல் ஒரு டி-ஷர்ட்டில் தைவான் இல்லாமல் அச்சிட்ட சீன வரைபடத்துக்காக கேப் ஆடை நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. பருத்தியைப் பற்றிப் பேசும்போது உங்கள் பருத்தியின் நலத்தை மட்டும் சொல்லுங்கள். சீனாவின் சின்ஜியாங் பகுதிப் பருத்தியில் கட்டாய உழைப்பு இருப்பதாகக் கவலை தெரிவித்த ஓர் அறிக்கைக்காக 2021 மார்ச்சில் எச் அண்ட் எம் பெயரே அந்நாட்டு வணிகத் தளங்களிலிருந்து காணாமல் போனதைத் திருப்பூரில் பலரும் அறிவார்கள்.

நொய்யல்கரை

எல்லோருக்கும் என் நன்றி. தந்தையாரிடமும் பேசினேன். விலை குறைப்பது, பெரிய அளவில் அனுப்புவது ஆகிய இரண்டு எண்ணங்களையும் விட்டுவிட்டோம். 24, 25 ஆகிய இரு வகுப்புகளிலும் பதிவுக்காக ஒரு சீன முகவரிடம் இந்த வாரமே விலைப்புள்ளி கேட்கிறோம். கட்டுச் சட்டையும் உயர்ந்த இடுப்புப் பட்டைக் கால்சட்டையும் 52 முதல் 73 வரையிலான அளவுகளில் சாம்பிள் எடுக்க என் மனைவி பேட்டர்ன் மாஸ்டரோடு உட்கார்ந்துவிட்டார்.

கோபிச் சகோதரிக்கு ஒரு வேண்டுகோள். சாம்பிள் தயாரானதும் முதலில் உங்களுக்கு அனுப்பி வைக்கலாமா? உங்கள் பக்கத்து வீட்டு அம்மா பிரித்து முகர்ந்து பார்த்து என்ன சொல்கிறார் என்பதை ஒன்றும் குறைக்காமல் இங்கே எழுதுங்கள். இடுப்புப் பட்டை எத்தனை விரற்கடை உயரம் இருக்க வேண்டும் என்பதையும் அவரிடமே கேட்டுச் சொன்னால், அதற்கேற்ப ரிப் துணி வெட்டச் சொல்லிவிடுவேன்.

கோபிப் பெண்

தாராளமாக அனுப்புங்கள் அண்ணா. பட்டையைப் பற்றி இப்போதே கேட்டேன். தன் கையை விரித்து என் பையன் வயிற்றில் வைத்து, தொப்புளுக்கு மேல் நான்கு விரல் ஏற வேண்டும் என்றார். இலாஸ்டிக் தடம் பதியக்கூடாது என்றும் இரண்டு முறை சொல்லச் சொன்னார்.